மணல் கல்லான கதை



"வானத்தை வில்லாக வளைப்பேன், மணலைக் கயிறாகத் திரிப்பேன்" என்று வீம்பு பேசுவோரை நம் நாட்டார் எள்ளி நகையாடுவது வழக்கம். நடவாத காரியத்துக்கு மணலைக் காட்டிலும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. கையால் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும். குவித்து வைத்தால், ஈரம் உலர்ந்ததும் சரிந்துவிடும். ஒரு மணி மற்றொரு மணியோடு ஒட்டி உறவு கொள்வதே இல்லை. ஆயினும் இந்த மணலை இயற்கை கல்லாகவே திரித்திருக்கிறது. அக்கல்லைக் குடைந்து அரசர்கள் கோயில் எடுத்திருக்கிறார்கள். அதே வகைக் கல்லுக்குள் துளையிட்டு நாம் தண்ணீர் எடுக்கிறோம். மணல் எவ்வாறு கல்லாகிறது, கூழாங்கற்கள் எவ்வாறு ஒன்று திரண்டு பாறையாகின்றன, அந்தப் பாறைக்கும் நம் கிணற்று நீருக்கும் உள்ள உறவு யாது என்பவற்றை இன்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மணல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கிரானைட் என்னும் பாறையின் துண்டு ஒன்றை வெயிலில் வைத்து உற்று நோக்குங்கள். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு பொருளும், கண்ணாடிபோல் ஒரு பொருளும், தகடு தகடாக மின்னும் ஒரு பொருளும் அதில் கலந்திருப்பது தெரியும். முதலாவது ஃபெல்ஸ்பார், இரண்டாவது குவார்ட்ஸ், மூன்றாவது அப்பிரகம். மழைநீர் வானத்திலிருந்து இறங்கும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு கரைத்துக்கொண்டு வருகிறது. அதனால் அதற்கு மெல்லிய புளிப்புத் தன்மை உண்டாகிறது. இந்த நீர் ஆண்டாண்டுக் காலமாகப் பாறையை நனைக்க நனைக்க, ஃபெல்ஸ்பார் சிதைந்து களிமண்ணாகிவிடுகிறது. குவார்ட்ஸ் மட்டும் எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. கிராமத்தார் வெங்கச்சங்கல் என்பது இதனைத்தான். சிறுவர்கள் இருட்டில் ஒன்றோடொன்று தட்டித் தீப்பொறி காண்பதும் இதில்தான். பாறையின் மற்ற உறுப்புகள் உருமாறிப் போக, இது மணி மணியாக எஞ்சி நிற்கிறது. நம் ஆறுகளின் மணலில் பெரும்பங்கு இத்தகைய எச்சமே. மலையில் அழிந்ததுபோக மிஞ்சியதுதான் மணல்.

அடுத்தபடியாக ஆற்றின் வேலை. வீட்டில் தாய்மார்கள் முறத்தில் தானியம் புடைப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். பதர் பறந்து தொலைவில் விழுகிறது. நொய் ஓரிடத்தில் ஒதுங்குகிறது. மணி முறத்திலேயே தங்குகிறது. ஆறும் இவ்வாறே புடைக்கிறது. மலையடிவாரத்தில் வேகமாகப் பாயும் வெள்ளம் பெருங்கற்களையும் உருட்டிச் செல்ல வல்லது. சமவெளியை அடைந்து வேகம் தணிந்ததும் முதலில் பெருங்கற்களும், பிறகு கூழாங்கற்களும், அதன்பின் மணலும் இறங்கிவிடுகின்றன. மிக நுண்ணிய களிமண்ணோ நீரோடு கலங்கியபடியே சென்று, ஓட்டம் அடங்கிய ஏரியிலும் கழிமுகத்திலும் கடலிலும்தான் படிகிறது. 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவுடையவற்றைச் சரளை என்றும், அதற்குக் குறைந்து ஒரு மில்லிமீட்டரில் 16-இல் ஒரு பங்கு வரை உள்ளவற்றை மணல் என்றும் நிலநூலார் வரையறுத்திருக்கிறார்கள். மணல் இறுகினால் மணற்பாறை. உருண்டைக் கற்களாலான சரளை இறுகினால் அதனைத் திரள்பாறை என்று நாம் அழைப்போம்.

திரள்பாறை ஒன்றைக் கண்டால் அதிலுள்ள கற்களின் வடிவத்தை முதலில் கவனியுங்கள். உருண்டு திரண்டு வழுவழுப்பாக இருந்தால், அவை நெடுந்தொலைவு உருண்டு வந்தவை, அல்லது நெடுங்காலம் அலையில் புரண்டவை. முனை மழுங்காமல் கூராக இருந்தால், தாய்ப்பாறையிலிருந்து உடைந்து விழுந்த இடத்துக்கு அருகிலேயே அடங்கிவிட்டவை. ஒரு மனிதனின் காலைப் பார்த்தே அவன் நடந்து வந்த தூரத்தை ஊகிப்பதுபோல், கல்லின் விளிம்பைப் பார்த்தே அது கடந்த வழியை ஊகிக்கலாம்.

இனி, படிந்த மணல் அவ்விடத்திலேயே கிடந்தால் மணலாகவேதான் இருக்கும். அடுத்த வெள்ளம் வந்து அள்ளிச் சென்றுவிடும். அது கல்லாக வேண்டுமானால் புதைய வேண்டும். நிலம் மெல்லத் தாழ்ந்துகொண்டே வரும் பள்ளங்கள் உலகில் பல உண்டு. அங்கே ஓர் அடுக்கின்மேல் மற்றோர் அடுக்காக வண்டல் ஏறுகிறது. அடியிலுள்ள மணல்மீது நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான மீட்டர் கனமுள்ள வண்டலின் சுமை அமர்கிறது. அப்போது என்ன நிகழ்கிறது?

வகுப்பில் நான் மாணவர்களுக்குச் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளை நிறைய உலர்ந்த மணலை நிரப்புங்கள். குவளை நிறைந்துவிட்டது என்றுதான் எவரும் சொல்வர். அதில் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நிறைந்த குவளை மேலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரை ஏற்றுக்கொள்ளும்! மணிகளுக்கிடையே உள்ள வெற்றிடம் அவ்வளவு. புதிதாகப் படிந்த மணலில் இவ்விடைவெளி நூற்றுக்கு 40 பங்கு அளவில் இருக்கும். ஒரே அளவான உருண்டைகளை மிகத் தளர்வான ஒழுங்கில் அடுக்கினால் நூற்றுக்கு 48 பங்கும், மிக நெருக்கமாக அடுக்கினால் 26 பங்கும் இடைவெளி இருக்கும் என்பது கணக்கு. உருண்டை கடுகளவா, தேங்காயளவா என்பது இதில் பொருட்டே அன்று.

அரிசி அளக்கும்போது படியைக் குலுக்கினால் அரிசி இறங்கி, மேலும் ஒரு பிடிக்கு இடம் உண்டாகிறது அல்லவா? புதைந்த மணலிலும் அதுவே நிகழ்கிறது. சுமை அழுத்த அழுத்த மணிகள் புரண்டு, நழுவி, ஒன்றன் இடுக்கில் மற்றொன்று சென்று அமர்கின்றன. இடையிலிருந்த நீர் பிதுங்கி வெளியேறுகிறது. களிமண் அடுக்குகள் இன்னும் மிகுதியாக ஒடுங்கும். ஏனெனில் புதிய சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீரே. இவ்வாறு ஒடுங்குவதை அமுக்கம் என்போம். ஆனால் அமுக்கம் ஒன்றே மணலைக் கல்லாக்கிவிடாது. எவ்வளவு குலுக்கி அளந்தாலும் அரிசி அரிசிதானே? கவிழ்த்தால் கொட்டிவிடும். அதனைப் பிணைக்க மற்றொன்று வேண்டும்.

அந்த மற்றொன்று யாது என்பதற்கு நம் வீட்டுப் பலகாரமே விடை சொல்லும். வறுத்த வேர்க்கடலையை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் உருண்டை ஆகாது. வெல்லப் பாகு வேண்டும். பாகு கடலைகளின் இடுக்கிலெல்லாம் புகுந்து, ஆறி இறுகும்போதுதான் கடலை உருண்டை உருவாகிறது. திரள்பாறை என்பது இயற்கை பிடித்த கடலை உருண்டையே. கூழாங்கல் கடலை, இடைவெளியில் புகுந்த கனிமம் பாகு. கொத்தனார் மொழியில் சொன்னால், அதுவே காரை.

இந்தக் காரை எங்கிருந்து வருகிறது? நிலத்தடி நீரிலிருந்து வருகிறது. நீர் பாறைகளினூடே ஊர்ந்து செல்லும்போது பல பொருள்களைக் கரைத்து எடுத்துச் செல்கிறது. வெப்பமோ அழுத்தமோ நீரின் ரசாயனத் தன்மையோ மாறும் இடத்தில், கரைந்தவை மீண்டும் திடப்பொருளாகி மணிகளின்மேல் படிகின்றன. நீண்டநாள் வெந்நீர் காய்ச்சிய பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவதைக் காண்கிறோம் அன்றோ? அதுபோன்ற படிவே இதுவும். முக்கியமான காரைகள் மூன்று. ஒன்று, கால்சைட்டு என்னும் சுண்ணாம்புப் பொருள். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது, இரும்பின் ஆக்சைடு. இது மிகச் சிறிதளவே இருந்தாலும் மணிகளுக்கு மெல்லிய பூச்சாக அமைந்து பாறை முழுவதையும் சிவக்கச் செய்துவிடும். மூன்றாவது, சிலிகா. குவார்ட்ஸும் சிலிகாவே ஆதலால், மணியும் காரையும் ஒரே பொருளாகிவிடுகின்றன. மூன்றில் உறுதி மிக்கது இதுவே.

சிலிகாக் காரை உருவாவதற்கு ஆழம் துணை செய்கிறது. பூமிக்குள் செல்லச் செல்ல, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 பாகை வரை வெப்பம் ஏறுகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், 70, 80 பாகை வெப்பத்துக்குமேல், குவார்ட்ஸ் மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் முனைகளில் சிறிது சிறிதாகக் கரைகின்றன. கரைந்த சிலிகா அருகிலுள்ள இடைவெளியிலேயே படிந்து அதனை அடைக்கிறது. இதற்குப் பல இலட்சம், பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. காரை முற்றிய கல்லை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சுத்தியலால் உடைத்து முறிந்த முகத்தைப் பாருங்கள். மணிகளைச் சுற்றிக்கொண்டு முறிவு சென்றிருந்தால் காரை வலுவற்றது. மணிகளையே ஊடறுத்துச் சென்றிருந்தால் காரை மணிக்கு நிகரான வலுவுடையது.

இவ்வளவையும் ஒரே இடத்தில் காண விரும்புவோர் கர்நாடகத்திலுள்ள பாதாமிக்குச் செல்லலாம். தமிழர்கள் வாதாபி என்று அறிந்த ஊர் அது. பல்லவன் நரசிம்மவர்மன் 642-ஆம் ஆண்டளவில் வென்று, 'வாதாபி கொண்டான்' என்று பெயர் பெற்றது அங்கேதான். ஏரிக்கு மேலே செங்குத்தாக நிற்கும் செந்நிறக் குன்றுகளைச் சாளுக்கியர் குடைந்து கோயில் ஆக்கினர். மூன்றாம் குடைவரையில் 578-ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு இருக்கிறது. அந்தச் சிற்பங்களைக் கண்டு வியப்போர் பலர். சிற்பம் நிற்கும் கல்லைப் பார்ப்போர் சிலரே. தூண்களிலும் விதானத்திலும் கோடு கோடாக, வண்ணம் வண்ணமாகப் பட்டைகள் ஓடுகின்றன. ஒவ்வொரு பட்டையும் ஒரு காலத்து மணற்படுகை. குன்றுகளில் சில அடுக்குகளுக்குள் சாய்வான மெல்லிய வரிகளும் தெரியும். ஓடும் நீர், மணல் திட்டின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் மணலைச் சரித்துச் சரித்து முன்னேறிய தடம் அது. வரி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் நீர் ஓடிற்று என்று அறியலாம். எழுத்துத் தோன்றுவதற்கு எத்தனையோ காலம் முன்னரே ஆறு தன் திசையை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது!

பாதாமி மணலின் வயது 54 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அக்காலத்தில் நிலத்தில் மரமோ புல்லோ கிடையாது. கரையைப் பற்றி நிறுத்த வேர் இல்லாத ஆறுகள் எப்படிப் பரந்து, கிளைத்து, மணலை விரித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அம்மணல் தொகுதியின் அடியிலே திரள்பாறையும் இருக்கிறது. அதற்கும் கீழே, அதைவிடப் பழைய பாறை அடுக்குகள் மடிந்தும் சாய்ந்தும் கிடக்கின்றன. சாய்ந்த அடுக்குகளின் தேய்ந்த தலைமீது, புதிய அடுக்குகள் ஏறக்குறைய மட்டமாகப் பரவியிருக்கின்றன.

இத்தகைய காட்சியின் பொருளை உலகுக்கு உணர்த்தியவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் ஹட்டன் ஆவார். 1788-ஆம் ஆண்டில் அவர் தம் நண்பர்கள் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் ஆகியோருடன் படகேறிச் சென்று, சிக்கார் முனை என்னும் கடற்கரைப் பாறையைக் கண்டார். கீழே கருஞ்சாம்பல் நிற அடுக்குகள் ஏறக்குறையச் செங்குத்தாக நின்றன. அவற்றின்மேல் செம்மணற்பாறை மெல்லிய சாய்வுடன் படிந்திருந்தது. இரண்டும் சேரும் இடத்தில், கீழ்ப்பாறையின் உடைந்த துண்டுகள் மேற்பாறையின் அடியில் பதிந்து கிடந்தன. ஹட்டன் கண்ட பொருள் இதுதான்: கீழுள்ள மணல் படிந்தது; புதைந்தது; கல்லாயிற்று; மடிந்து உயர்ந்தது; தேய்ந்து உடைந்தது; அதன்பிறகே மேலுள்ள மணல் வந்து படிந்தது. திரள்பாறையிலுள்ள ஒவ்வொரு கல்லும் அப்பாறையைக் காட்டிலும் மூத்தது. பேரனின் வீட்டுச் சுவரில் பாட்டன் வீட்டுச் செங்கல் இருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரு பாறைகளுக்கும் இடையே சுமார் 6 கோடி ஆண்டுகள் கழிந்தன என்று இன்று கணித்திருக்கிறார்கள்.

பாதாமிக் கல் இடைவெளி பெரும்பாலும் அடைபட்ட கல். அதனால்தான் அது உளியையும் தாங்கிற்று. 1,400 ஆண்டுகளுக்கு மேலாகச் சிற்பத்தையும் தாங்கி நிற்கிறது. இனி, இடைவெளி அடைபடாத மணற்பாறை ஒன்றைப் பார்ப்போம். அது நம் ஊரிலேயே இருக்கிறது.

திண்டிவனம், விழுப்புரம், பண்ணுருட்டி, விருத்தாசலம் ஆகிய பகுதிகளில் சிவந்த மேட்டுநிலங்களைக் கண்டிருப்பீர்கள். முந்திரியும் பலாவும் செழிக்கும் அம்மண்ணின் அடியில் இருப்பது கடலூர் மணற்பாறை எனப்படும். பாதாமிப் பாறையோடு ஒப்பிட்டால் இது நேற்றுப் பிறந்த குழந்தை. திருவக்கரையில் இதற்குள்ளே கல்லாய்ப் போன மரங்கள் கிடக்கின்றன. 1781-ஆம் ஆண்டிலேயே சொனேரா என்ற ஐரோப்பிய இயற்கை நூலறிஞர் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அவற்றின் வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் என்பர். கிளையும் வேரும் இலையும் இன்றி அடிமரங்களாகவே படுத்துக் கிடப்பதால், அவை அவ்விடத்தில் வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்தவை என்று கொள்ளப்படுகிறது. சிலிகா கரைந்த நீர் அம்மரங்களில் ஊறி, மரப்பொருள் இருந்த இடத்தில் சிலிகா அமர்ந்தது. மரத்தின் வரிகளும் மாறாமல் கல்லாயின. ஆனால் அவற்றைச் சூழ்ந்த மணலோ பல இடங்களில் கையால் சுரண்டினாலே உதிரும். மரம் கல்லாகி முடிந்தது. மணல் இன்னும் கல்லாகி முடியவில்லை.

இதனைக் குறை என்று எண்ணிவிட வேண்டாம். காரை நிரம்பாத இடைவெளியில்தான் நீர் நிரம்பியிருக்கிறது. இப்பாறை கடலை நோக்கி மெல்லச் சாய்ந்து செல்கிறது. மேட்டில் அது வெளியே தெரியும் இடங்களில் விழும் மழை, மணிகளின் இடுக்கு வழியே இறங்கி, களிமண் அடுக்குகளுக்குக் கீழே சிறைப்பட்டு, அழுத்தத்துடன் நிற்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பது 1930-களில் கிணறு தோண்டும்போது தெரிய வந்தது. 1956-இல் அதற்கென நிறுவனம் ஏற்பட்டு, 1957-இல் சுரங்கவேலை தொடங்கியபோது, பெருந்தடையாக எதிரே நின்றது இந்த நீரே. நிலக்கரிக்குக் கீழேயுள்ள மணலில் நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. மேலுள்ள சுமையை அகற்றினால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் புகுந்துவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி இரவும் பகலும் நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பிறகே, 1961-இல் நிலக்கரியை எட்ட முடிந்தது. சுரங்கம் நடக்கும் வரை இறைப்பும் நடந்தாக வேண்டும். இதனோடு உழவும் ஆலைகளும் ஊர்களும் அதே மணற்பாறையிலிருந்து நீர் எடுக்கின்றன. ஒரு காலத்தில் தானாகவே பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் இருந்த வட்டாரத்தில், இன்று ஆழத்திலிருந்து பொறி வைத்து ஏற்ற வேண்டியிருக்கிறது.

இங்கே அமுக்கத்தின் பாடத்தை மறுபடியும் நினைக்க வேண்டும். மணிகளுக்கிடையே நிற்கும் நீர் மேலுள்ள சுமையில் ஒரு பங்கைத் தானும் தாங்குகிறது. நீரை எடுத்துவிட்டால் அந்தப் பங்கும் மணிகளின்மீதே விழுகிறது. மணல் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இடையிலுள்ள களிமண் அடுக்குகள் ஒடுங்கிவிடும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்துச் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், பாசனத்துக்கென நிலத்தடி நீரை வரையறையின்றி இறைத்ததன் விளைவாக, 1925-க்கும் 1977-க்கும் இடையே ஓரிடத்தில் நிலமே சுமார் 9 மீட்டர் தாழ்ந்துவிட்டது. பல இலட்சம் ஆண்டுகளில் இயற்கை செய்யும் அமுக்கத்தை, மனிதர் ஒரு தலைமுறைக்குள் செய்து முடித்தனர். ஒருமுறை ஒடுங்கிய களிமண் மீண்டும் விரிந்து பழைய நீரை ஏற்பது பெரும்பாலும் இல்லை. நெய்வேலியும் கலிஃபோர்னியாவும் ஒன்று என்பது என் கருத்தன்று. இரண்டு நிலத்துக்கும் விதி ஒன்றே என்பதுதான் என் கருத்து. கடலோரத்தில் மற்றொரு கவலையும் உண்டு. நன்னீரின் அழுத்தம் குறையக் குறைய, உப்புநீர் உள்ளே நகர வழி பிறக்கும்.

ஆகவே, மணற்பாறையின் குணம் மணியில் மட்டும் இல்லை, மணிகளுக்கு இடையிலும் இருக்கிறது. இடைவெளியில் காரை நிறைந்தால் அது கோயில் தாங்கும் கல். நீர் நிறைந்தால் அது ஊர் தாங்கும் களஞ்சியம். முதலாவதைச் செய்ய நம்மால் இயலாது; அதற்கு வேண்டிய ஆழமும் காலமும் நம் கையில் இல்லை. இரண்டாவதைக் காப்பது நம்மால் இயலும். சிவந்த மேட்டுநிலத்தில் விழும் மழையை ஓடவிடாமல் ஏரியிலும் குளத்திலும் தேக்கி இறங்கவிடுவதும், இறங்கும் அளவறிந்து எடுப்பதும் போதும். அடுத்த முறை விருத்தாசலம் வழியாகப் பயணம் செய்யும்போது, சாலையை வெட்டிய மேட்டில் தெரியும் செம்மணல் அடுக்கைச் சற்று நின்று பாருங்கள். ஒரு பிடி எடுத்துக் கையில் உதிர்த்துப் பாருங்கள். அது முற்றுப்பெறாத கல்; முற்றுப்பெறாததனாலேயே நமக்கு நீர் தருகிற கல்.